சுட்ட மண்ணில் கீறிய கை

சூளையிலிருந்து இறக்கிய பானையின் மேல் ஒருவர் எதற்காகக் கோடு கீற வேண்டும்? மண் ஈரமாக இருக்கும்போது கீறுவதற்கு ஓர் ஈர்க்குச்சி போதும். விரல் நகம்கூடப் போதும். சுட்ட பிறகு அதே கோட்டுக்கு இரும்பு முனை வேண்டும், மணிக்கட்டில் பலம் வேண்டும், கலம் விரிசல் விடாமல் மடியில் அணைத்துப் பிடிக்கும் பக்குவமும் வேண்டும். எளிய வழி இருக்க ஒருவர் கடினமான வழியில் போகிறார் என்றால் எளிய வழி அவருக்குக் கிட்டவில்லை என்றே கொள்ள வேண்டும். கலம் அவர் கைக்கு வந்தபோதே சுடப்பட்டிருந்தது. தமிழ்நாட்டு அகழாய்வுகளில் குறியீடுகளோடும் எழுத்துகளோடும் கிடைத்த பானை ஓடுகளில் பெரும்பாலானவை இப்படிச் சுட்டபின் கீறப்பட்டவை. இந்தச் சின்னத் தொழில்நுட்பச் செய்தி அகழாய்வு அறிக்கைகளில் ஒரு வரியாக வந்து போய்விடுகிறது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஒரு பெரிய முடிவுக்கு வந்து சேரலாம் என்பது என் எண்ணம். சுட்ட மண்ணில் கீறுவது இந்த நாட்டில் தொடக்கம் முதலே குயவரின் வேலையாக இருந்ததில்லை. அது வாங்கியவரின் வேலை. கூலிக்கோ விற்பனைக்கோ செய்யாமல், தன் பொருளில், தன் கையால், தனக்காகச் செய்த வேலை. இன்று வீட்டுக்கு மிஞ்சிய டைல்ஸ் துண்டில் வைரமுனைக் கருவியால் பூவும் பறவையும் கீறி, கோட்டுக்குள் வண்ணம் தேய்த்து மாட்டுகிறவர்களின் பொழுதுபோக்குக்கு இங்கே முன்வரலாறு தேடினால் அது குயவர் சக்கரத்தருகே கிடைக்காது. வாங்கிப் புழங்கியவர்களின் அடுப்படியில்தான் கிடைக்கும்.

இதைப் பண்ணைப்புரத்தில் நின்று பேசுவதற்குக் காரணம் உண்டு. தேவாரத்துக்கும் கோம்பைக்கும் இடையே, மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், உத்தமபாளையம் வட்டத்தில் இருக்கும் இந்த ஊரை இளையராஜா பிறந்த ஊர் என்றே எல்லோருக்கும் தெரியும். இதைச் சுற்றியுள்ள கம்பம் பள்ளத்தாக்கு கீறல்களின் வரலாற்றில் ஓர் அரிய இடம். முல்லையாறும் சுருளியாறும் இந்தப் பள்ளத்தாக்கில் ஓடி வைகையில் கலக்கின்றன. வைகை ஆண்டிபட்டிப் பக்கம் வளைந்து மதுரையைத் தொட்டு, கீழடியின் அருகாக ஓடி, ராமநாதபுரம் கடற்கரையில் அழகன்குளம் அருகே கடலைச் சேர்கிறது. இந்த ஒரே ஆற்றுப்படுகையில் கல், செம்பு, மண் என்ற மூன்று பரப்புகளிலும் பழந்தமிழர் கீறியதற்குத் தலையாய சான்றுகள் கிடைத்திருக்கின்றன. மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் மண்ணில் கீறிய கை மற்ற இரண்டிலிருந்தும் எப்படி வேறுபடுகிறது என்பது விளங்கும்.

கல்லிலிருந்து தொடங்குவோம். 2006இல் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கா. ராஜன், வி.பி. யத்தீஸ்குமார், சா. செல்வக்குமார் ஆகியோர் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். தமிழகத்தில் கிடைத்த எழுத்துடைய நடுகற்களில் மிகப் பழையவை இவை. அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தல் பூசலில் இறந்த அந்தவன் என்பவனுக்கு எடுத்த கல். அந்தக் கூடலூர், கம்பத்தை அடுத்த இன்றைய கூடலூர்தானா என்பதில் விவாதத்துக்கு இடமுண்டு. பள்ளத்தாக்குக்காரர்கள் தங்கள் ஊராக நினைத்து மகிழ்வதில் தவறில்லை. அடுத்தது செம்பு. பண்ணைப்புரத்துக்கு வெகு தூரமில்லாத சின்னமனூரில் பாண்டியர் செப்பேடுகள் கிடைத்தன. அவற்றில் பெரியது, இரண்டாம் இராசசிம்மன் காலத்தது. வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் வெட்டப்பட்டது. மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழில் ஆக்கியதையும் பாண்டியர் பெருமையாகச் சொல்லும் ஏடு அது. இந்த இரண்டு பரப்புகளிலும் வெட்டிய கை இன்னொருவருக்காக வெட்டியது. நடுகல் ஊராரும் உறவினரும் எடுத்தது. செப்பேடு அரசன் ஆணைப்படி எழுந்தது. வாசகம் அமைத்தவர் ஒருவர், வெட்டியவர் வேறொருவர் என்று வேலை பிரிந்திருந்தது. பாண்டியர் செப்பேடுகளில் வெட்டியவர் பெயரைச் சொல்லும் வழக்கமும் உண்டு, ஏனென்றால் அது அவருடைய தொழில். மண்ணுக்கு வரும்போது இந்த ஏற்பாடு முழுக்க மாறிப்போகிறது.

பானை ஓட்டைக் கையில் எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தால் கீறியது எப்போது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். பச்சை மண்ணில் குச்சி ஓடினால் மண் இரு பக்கமும் ஒதுங்கும். கோட்டின் இரு கரையிலும் மெல்லிய வரப்பு எழும்பி நிற்கும். பள்ளத்தின் அடி வழவழப்பாக இருக்கும். பானையோடு பள்ளமும் சூளையில் வெந்ததால் உள்ளும் புறமும் ஒரே நிறம் ஏறியிருக்கும். வளைவுகள் ஒரே இழுப்பில் வந்திருக்கும். சுட்டபின் கீறிய கோடு இதற்கு நேர்மாறு. கரையில் வரப்பு இருக்காது, பொடிப்பொடியாகச் சில்லு தெறித்திருக்கும். மேற்பூச்சை அறுத்துக்கொண்டு முனை உள்ளே இறங்கியதால் பள்ளத்தில் உள் மண்ணின் நிறம் வெளிறித் தெரியும். வளைவு ஒரே இழுப்பில் வராது. சின்னச் சின்ன நேர்க்கோடுகளைச் சேர்த்துத்தான் வளைத்திருப்பார்கள். முனை வழுக்கிக் கோடு இலக்கைத் தாண்டி ஓடிய இடங்களும் தென்படும். சில இடத்தில் முதல் கீறல் ஆழம் போதாமல் அதன் மேலேயே இரண்டாம் முறை இழுத்திருப்பார்கள். இரண்டும் முழுதாக ஒன்றாமல் ஓரத்தில் பிரிந்து நிற்கும். நாள்தோறும் நூறு பானை வனைகிற கையின் வேலை இப்படி இருக்காது. வாழ்நாளில் சில முறை மட்டும் கீறும் கையே இப்படித் தடுமாறும்.

கீழடியைப் பற்றித் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை, அங்கே குறியீடுகள் உள்ள ஓடுகள் 1001 என்றும் தமிழி எழுத்துள்ள ஓடுகள் 56 என்றும் கணக்கிட்டது. எழுத்துகள் பெரும்பாலும் கலத்தின் தோளில், கழுத்துக்குச் சற்றுக் கீழே கீறப்பட்டவை. கையெழுத்து ஒரே மாதிரி இல்லை, பலர் எழுதியிருக்க வேண்டும் என்பதையும் அறிக்கை குறிப்பிட்டது. குவிரன், ஆதன், உதிரன், திஸன் என்று வருபவை ஆட்பெயர்கள். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலிலும் இதே கதைதான். அங்கும் ஆதன், பண்ணன், சாத்தன் என்ற வகைப் பெயர்கள். குயவர் தன் சரக்கில் தன் பெயரை இட்டிருந்தால் ஓர் ஊரில் ஒன்றிரண்டு பெயர்களே திரும்பத் திரும்ப வர வேண்டும், எழுத்தும் ஒரே கையினதாக இருக்க வேண்டும். வருவது பல பெயர், பல கை. எழுதிய இடமும் ஒன்றைச் சொல்கிறது. அடுப்பில் ஏற்றினால் கரிபடாத, பிரிமனையில் வைத்தாலும் உறியில் தொங்கவிட்டாலும் மறையாத இடம் தோள். கலம் நாளும் புழங்கும் வீட்டில் எந்த இடம் கண்ணில் படும் என்று தெரிந்தவர் தேர்ந்த இடம் அது.

கடல் கடந்து போன ஓடுகள் இந்தச் சான்றுக்கு வலுச் சேர்க்கின்றன. எகிப்தின் செங்கடல் கரையில் உள்ள குசைர் அல்-காதிமில் கிடைத்த ஒரு சேமிப்புக் கலத்தின் துண்டில், இருபுறமும் இரண்டு முறை, ‘பானை ஒறி’ (உறியில் தொங்கும் பானை) என்று தமிழி எழுத்தில் கீறியிருப்பதைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துக் காட்டினார். ஓமானின் கோர் ரோரியில் கிடைத்த துண்டில் ‘ணந்தை கீரன்’ என்ற பெயர் இருக்கிறது. பானையை வனைந்தவருக்கு அதன் மேல் பானை என்று எழுதி வைக்க வேண்டிய தேவை இல்லை. பல மொழிக்காரர்கள் சரக்குப் போட்டு வைக்கும் துறைமுகத்தில், தன் கலத்தைத் தான் அடையாளம் காண வேண்டியவருக்கே அந்தத் தேவை. சூளை எங்கே இருந்தாலும் கீறிய கை கலத்தோடு பயணம் போன கை.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் முதலாவது, குயவர் குறிகளும் உண்டே என்பது. உண்டு; அதை மறைக்க வேண்டியதில்லை. சுடுமுன் ஈர மண்ணில் இட்ட குறிகள் எல்லா அகழாய்வுகளிலும் ஒரு பங்கு கிடைக்கின்றன. பல குயவர்கள் ஒரே சூளையில் சேர்த்து அடுக்கும்போது யாருடைய கலம் எது என்று பிரிக்க அப்படிப்பட்ட குறி உதவும். ஆனால் அந்தச் சிறுபங்கே என் வாதத்துக்குத் துணை நிற்கிறது. குயவருக்குக் குறியிட வேண்டியிருந்தபோது அவர் சுடுமுன்பே இட்டுக்கொண்டார், ஏனென்றால் அது அவருக்கு எளிது. ஆகவே சுட்டபின் கீறிய பெரும்பங்குக்கு வேறு ஆளைத்தான் தேட வேண்டும். இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. ஒரே ஈமக்குழியில் வைத்த பல கலங்களில் ஒரே குறி திரும்ப வருவது தமிழகத்துப் பெருங்கற்கால இடங்களில் பதிவாகியிருக்கிறது. அப்படியானால் அது குலக்குறி அல்லது குடும்பக்குறி. தனி ஆளின் விருப்பத்துக்கு அங்கே என்ன இடம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். குறி கூட்டத்துக்குச் சொந்தமாக இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குறி பொதுவானதாக இருப்பதால் கீறும் வேலையும் ஒருவருக்குத் தொழிலாக ஒதுக்கப்பட்டிருந்தது என்று ஆகிவிடாது. வாசலில் போடும் கோலத்தின் வடிவம் ஊருக்கே பொது, ஆனால் ஒவ்வொரு வாசலிலும் அந்தந்த வீட்டுக் கைதான் போடுகிறது. ஈமக்கலத்தில் கீறுவதும் துக்க வீட்டாரின் கடமைகளில் ஒன்றாக இருந்திருக்க முடியும். பழனிக்கு அருகே பொருந்தலில் கா. ராஜன் 2009, 2010 ஆண்டுகளில் அகழ்ந்த ஈமச்சின்னத்தில், நெல் நிறைந்த நான்கு கால் குடுவையோடு, எழுத்துக் கீறிய பானைத் தாங்கி ஒன்றும் கிடைத்தது. அந்த நெல்லை ஆய்வுக்கூடத்தில் காலக்கணிப்புச் செய்தபோது கி.மு. 490 என்ற ஆண்டு வந்தது. இறந்தவருக்காகப் பிரிமனை மாதிரியான ஒரு சின்னத் தாங்கியிலும் எழுத்தைக் கீறி வைத்தவர் கடமையை ஒப்புக்குச் செய்து முடித்தவராகத் தோன்றவில்லை.

மூன்றாவது மறுப்பு நம் காலத்துக் கண்ணோட்டம் பற்றியது. பெயர் எழுதுவதும் குறி இடுவதும் உடைமையை நிலைநாட்டும் காரியம், அதைப் பொழுதுபோக்குக் கைவினையோடு சேர்ப்பது பழங்காலத்தின் மேல் இன்றைய சட்டையை மாட்டுவது ஆகாதா என்பார்கள். ஆதன் தன் பெயரைக் கீறியபோது ஓய்வு நேரத்தைக் கழித்துக்கொண்டிருந்தான் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் பயனுக்காக மட்டுமே கீறினார்கள் என்பதும் சான்றுகளுக்குப் பொருந்தவில்லை. வைகை முகத்துவாரத்து அழகன்குளத்தில் கிடைத்த ஓர் ஓட்டில் ஒரு கப்பலின் உருவம் கீறப்பட்டிருக்கிறது. பாய்மரங்களும் கயிறுகளுமாக, மத்தியதரைக் கடலில் ஓடிய பெரிய வணிகக் கலம் என்று அறிஞர்கள் அதை அடையாளம் காண்கிறார்கள். கப்பல் யாருக்கும் பெயராகாது. ஒரு பானையை இன்னொரு பானையிலிருந்து பிரித்தறிய இத்தனை கயிறு தேவையில்லை. இரண்டு கோடு போதும். துறைமுகத்தில் நின்று, பெரிய மரக்கலம் ஒன்றை நெடுநேரம் பார்த்து, எந்தக் கயிறு எந்த மரத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்று மனத்தில் வாங்கி, கைக்குக் கிடைத்த சுட்ட மண்ணில் அதைப் பதித்த ஒருவர் இருந்திருக்கிறார். அவர் செய்ததற்கு வரைவதில் உள்ள இன்பம் தவிர வேறு காரணம் தேடுவது, எளிய மக்களுக்கு அந்த இன்பமே கிடையாது என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிடுவதாகும். அந்த முடிவை ஏற்க எனக்கு மனமில்லை. சாதாரணக் குறிகளிலும் இதன் சாயல் உண்டு. ஏணி, மீன், அம்பு, சூரியன், கிளைபிரியும் கோடுகள் என்று எத்தனையோ வடிவங்கள். ஒரே அடிப்படை வடிவத்துக்கு ஒரு கோடு கூட்டியும் குறைத்தும் பல மாற்றங்கள்.

இந்த மாற்றங்களை எண்ணிப் பட்டியலிட்ட பெரும்பணி அண்மையில் நடந்தது. தமிழ்நாடு தொல்லியல் துறைக்காக கா. ராஜனும் ஆர். சிவானந்தமும் செய்து 2025 ஜனவரியில் வெளிவந்த ஆய்வு, 140 இடங்களில் கிடைத்த பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட குறியீட்டு ஓடுகளைக் கணக்கில் எடுத்து, அவற்றை 42 அடிப்படைக் குறிகளாகவும் அவற்றின் திரிபுகளாகவும் கூட்டு வடிவங்களாகவும் வகுத்தது. சிந்துவெளிக் குறிகளோடு உள்ள ஒற்றுமையே அதன் மையக் கேள்வி. அந்தக் கேள்வி புதிதல்ல. பெருங்கற்காலக் குறிகளை ஹரப்பா வரை பின்தொடர்ந்து பி.பி. லால் 1960இலேயே எழுதினார். சென்னையில் அதே ஜனவரியில் நடந்த சிந்துவெளிக் கண்டுபிடிப்பு நூற்றாண்டுக் கருத்தரங்கில், சிந்து எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று முதலமைச்சர் அறிவித்ததும் பேச்சு முழுக்க அந்தப் பக்கமே திரும்பிவிட்டது. குறி எங்கிருந்து வந்தது, என்ன பொருள் என்ற கேள்விகள் பெரியவைதான். ஆனால் வடிவத்தை மட்டும் தாளில் பிரதி எடுத்து ஒப்பிடும்போது கோட்டின் கரை, ஆழம், வழுக்கல், மேலெழுதல் எல்லாம் தொலைந்துபோகின்றன. பிரதியில் எல்லாக் கோடும் ஒரே மைக்கோடு. யார் கீறினார்கள் என்ற கேள்விக்கான சான்று ஓட்டிலேயே தங்கிவிடுகிறது. சுடுமுன்னா சுட்டபின்னா, ஒரே இழுப்பா பல இழுப்பா, முனை கூர்மையா மழுங்கலா என்பதை ஒவ்வொரு ஓட்டுக்கும் எதிரே பதிந்து வைத்தால், ஓர் ஊரில் எத்தனை கைகள் கீறின என்று ஓரளவு மதிப்பிடவும் முடியும். பொருள் விளங்காவிட்டாலும் ஆட்களை அறியலாம். எனக்கு அதுவும் சமமான மதிப்புள்ள அறிவு.

இனி வண்ணம். டைல்ஸ் கைவினையில் கீறல் பாதி, வண்ணம் பாதி. பழைய ஓடுகளில் வண்ணம் எங்கே என்று கேட்டால், வண்ணம் குயவரிடமே இருந்தது. கருப்பு-சிவப்பு மட்கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டார்கள். காற்றுப் படாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுக்க, காற்றுப் பட்ட கீழ்ப்பகுதி சிவந்தது. எந்தச் சாயமும் சேர்க்காமல் நெருப்பையும் காற்றையும் ஆள்வதால் மட்டுமே வந்த இரு நிறம் அது. செங்காவி பூசிய கலங்களில் வெண்கோடுகளால் அணி செய்யும் வகையும் இருந்தது; கொங்குப் பகுதியில் அது மிகுதி. இவையெல்லாம் சூளைக்குள் போகும் முன் தீர்மானிக்க வேண்டியவை. வாங்கியவரிடம் சூளை இல்லை, ஆகவே வண்ணம் பூசவும் வழியில்லை. ஆனால் அவர் வண்ணமே இல்லாமல் வேலை செய்தார் என்று சொல்ல முடியாது. மெருகேறிய கறுப்பையோ செம்பூச்சையோ முனையால் அறுத்தால் உள்ளிருக்கும் வெளிறிய மண் கோடாக ஒளிரும். குயவர் வைத்த நிறம் பின்புலமானது. அதை நீக்குவதே வாங்கியவரின் தூரிகை. மேற்பூச்சைக் கீறி அடிநிறத்தைக் காட்டும் இந்த உத்தியை உலகின் பல நாட்டுக் குயவர்கள் சுடுமுன் செய்து பெரிய கலையாக வளர்த்தார்கள். இங்கே அது சுட்டபின், வீட்டில் நடந்தது.

அய்யனார் கோயில் குதிரைகளைச் சொல்லி இதை ஒருவர் மடக்கலாம். மதுரை வட்டாரத்தில் குயவர்களான வேளார்கள் செய்யும் மண்குதிரைகள் சுட்டபின்தான் வண்ணம் பெறுகின்றன. சுண்ணாம்பு வெள்ளையடித்து, அதன் மேல் சிவப்பும் நீலமும் மஞ்சளும் தீட்டி, கண்ணைக் கடைசியில் திறந்து, புரவி எடுப்பு நாளில் ஊர்வலமாகக் கொண்டுபோகிறார்கள். சுட்ட மண்ணின் மேல் தொழில்முறைக் கை வேலை செய்வதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. ஆனால் அந்த வண்ணம் மண்ணோடு ஒன்றுவதில்லை, அதை யாரும் எதிர்பார்ப்பதுமில்லை. நேர்ந்துகொண்ட குதிரை கோயில் வெளியில் வெயிலும் மழையும் வாங்கி வெளுக்கும். அடுத்த எடுப்புக்குப் புதுக் குதிரை வரும். சடங்கு கேட்பது அந்த நாளின் பொலிவை. மேலும், அங்கே தீட்டுகிறார்கள், கீறுவதில்லை. வேளார் தம் குதிரையில் வேண்டிய வரியை ஈர மண்ணிலேயே இழுத்துவிடுகிறார், மணியையும் சேணத்தையும் மண்ணாலேயே ஒட்டிவிடுகிறார். சுட்ட மண்ணை அறுக்க வேண்டிய நிலை அவருக்கு ஒருபோதும் வருவதில்லை.

இந்தப் பழக்கம் பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படும் இடம். பெயர் இடும் விருப்பம் அழியவில்லை, பரப்பு மாறியது. பித்தளையும் வெண்கலமும், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் எவர்சில்வரும் மண்கலத்தின் இடத்தைப் பிடித்தன. தேனியிலோ மதுரையிலோ பாத்திரக்கடையில் இன்றும் ‘பேர் வெட்டணுமா?’ என்று கேட்பார்கள். சீர்வரிசைக் குடத்திலும் மொய்யாகத் தரும் தட்டிலும் கொடுப்பவர் பெயர், வாங்குபவர் பெயர், நாள் எல்லாம் வெட்டப்படும். முன்பு சின்ன உளியும் சுத்தியும் வைத்துப் புள்ளி புள்ளியாகத் தட்டினார்கள். பிறகு மின்சார எந்திரம் வந்தது. கீழடிக்காரர் எழுதிய அதே இடத்தில், கலத்தின் தோளுக்கு அருகே, அதே வகைச் செய்தி. ஆனால் கை மாறிவிட்டது. உலோகத்தை வீட்டு ஆணியால் அழகாக வெட்ட முடியாது, அதனால் வெட்டுகிறவர் தனித் தொழிலாளி ஆனார். எழுத்து அவருடையது, பெயர் மட்டுமே வீட்டாருடையது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் மண்ணில் கீறியவருக்கும் இன்று கடையில் பெயர் சொல்லிவிட்டுக் காத்திருப்பவருக்கும் நடுவில் நடந்த இழப்பு இதுதான். எழுத்தறிவு பரவிய காலத்திலேயே, தன் கலத்தில் தான் எழுதும் உரிமை சாதாரணக் கையைவிட்டுப் போனது.

வீடு கட்டும் மண்பொருள்களிலும் இதுவே நேர்ந்தது. பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையும் அதைப் பின்பற்றி எழுந்தவையும் ஓடுகளின் அடியில் தம் பெயரை அச்சாகப் பதித்தே சூளைக்கு அனுப்பின. செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த பளபளப்பான ஓடுகள் பூவும் மயிலுமாக முழுமை பெற்றே வந்திறங்கின. ஆத்தங்குடிக் கல் சூளையையே காணாதது. கண்ணாடியின் மேல் வைத்த அச்சுக்குள் வண்ணச் சிமெண்டை ஊற்றி, வெயிலிலும் நீரிலும் பதப்படுத்துவது. அழகுதான், கைத்திறன்தான். ஆனால் வாங்கியவர் அதன் மேல் செய்ய ஒன்றும் மிச்சமில்லை.

இப்போது குஜராத்தின் மோர்பியில் உருவாகி லாரி லாரியாக வந்து, பள்ளத்தாக்கு ஊர்களின் அடுப்படிச் சுவர் வரை ஏறியிருக்கும் டைல்ஸ் ஒருவகையில் பழைய பரப்பையே திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. அதுவும் சுட்ட மண். மேலே கண்ணாடி போல உருகிப் படிந்த பூச்சு, கீழே வேறு நிறமுள்ள உடல். கறுப்புப் பூச்சுள்ள டைல்ஸில் முனை இறங்கினால் வெள்ளையாகவோ செம்மண் நிறமாகவோ கோடு தெரிகிறது. கருப்பு-சிவப்பு மட்கலத்தில் நடந்ததும் இதுவே. பூச்சு இரும்பு ஆணிக்கு மசியாது. அதனால் கார்பைடு முனையோ, சிறு சுழல்கருவியில் மாட்டிய வைர முனையோ வேண்டும். அந்தக் கருவி இப்போது சாதாரண வன்பொருள் கடை விலைக்கு வந்துவிட்டதால்தான் இந்தப் பொழுதுபோக்கே பிறந்தது. வேகமாக அழுத்தினால் பூச்சு சில்லுச் சில்லாகத் தெறிக்கும். ஆகவே மெல்லிய முதல் கோடு, அதன் மேலேயே இரண்டாவது, மூன்றாவது என்று ஆழப்படுத்த வேண்டும். வளைவைச் சிறு இழுப்புகளாகப் பிரித்தே வளைக்க வேண்டும். பழைய ஓடுகளில் காணும் அதே அடையாளங்கள் அதே காரணத்தால் இங்கும் தோன்றுகின்றன. ஈரத் துணியோ நீர்ச் சொட்டோ இல்லாமல் கீறினால் கிளம்பும் பொடியில் சிலிக்கா இருக்கிறது; கல் உடைக்கும் தொழிலாளர் நுரையீரலைக் கெடுப்பது அதே பொடி. முகக்கவசம் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

ஆதனிடமிருந்து இந்த டைல்ஸ்காரர் வரை பழக்கம் கைமாறிக் கைமாறி வந்ததா என்றால், இல்லை. நடுவில் பல நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது. இன்றைய உத்தி வெளிநாட்டுக் கைவினைக் காணொளிகளைப் பார்த்துக் கற்றது. வழிவழி மரபு என்று உரிமை கொண்டாட நான் துணியமாட்டேன். வாதத்துக்கு அது தேவையுமில்லை. மரபு அறுந்தபின்னும் அதே பொருள், அதே தடை, அதே வகை ஆள் மீண்டும் சேர்ந்தால் அதே வேலை மீண்டும் பிறக்கிறது என்பதே இதில் கவனிக்க வேண்டியது. மாறியது ஒன்றுதான்: வண்ணம் இப்போது வாங்கியவர் கைக்கும் எட்டுகிறது. அதை அவர்கள் பயன்படுத்தும் விதத்தில்தான் ஒரு குறை. பெரும்பாலோர் அக்ரிலிக் சாயத்தைக் கோட்டுக்குள் தேய்த்து, மேலே வழிந்ததைத் துடைத்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். சமையலறைச் சுவரில் எண்ணெயும் சோப்பும் பட்டுத் தேய்க்கத் தேய்க்க அந்தச் சாயம் சில ஆண்டுகளில் உதிரும். டைல்ஸ் மேல் தீட்டுவதற்கென்றே உள்ள எனாமல் வண்ணங்களை நிரப்பி ஏறத்தாழ 750 முதல் 800 டிகிரி செல்சியஸில் மீண்டும் ஒருமுறை சுட்டால் வண்ணம் உருகிப் பூச்சோடு ஒட்டிக்கொள்ளும். வெப்பம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேண்டும், இல்லாவிட்டால் டைல்ஸ் வெடிக்கும். அதற்கு ஒரு சிறு மின்சூளை போதும். தனி ஆளுக்கு அது விலை அதிகம், ஒரு பள்ளிக்கோ ஊர் நூலகத்துக்கோ எட்டாத விலையல்ல. கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்த பிறகு பள்ளிப் பிள்ளைகள் வண்டி வண்டியாக அங்கே போய் ஓடுகளைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துத் திரும்புகிறார்கள். உத்தமபாளையத்திலோ பண்ணைப்புரத்திலோ ஒரு பள்ளி அப்படி ஒரு சூளையை வாங்கி, பிள்ளைகளிடம் சுடாத மண்ணில் ஒரு முறையும் சுட்ட ஓட்டில் ஒரு முறையும் தங்கள் பெயரைக் கீறச் சொன்னால், இரண்டு கோடுகளுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் விரலாலேயே தெரிந்துகொள்வார்கள். அடுத்த முறை வயலில் ஏர் கிளறிப் போடும் ஓட்டுத் துண்டு ஒன்றைப் பார்த்தால், அதில் கீறியவர் குயவரா, வாங்கியவரா என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.